காலி பாட்டில் திரும்பி வர ஓர் அட்டைப்பெட்டி

காலி குவார்ட்டர் பாட்டில் 48-ஐ ஒரு சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வோர் அடிக்கும் கண்ணாடியும் கண்ணாடியும் மோதும். இறக்கி வைக்கும்போது இரண்டோ மூன்றோ உடைந்திருக்கும். உடைந்ததை எடுக்கக் கையை விட்டால் விரல் கிழியும். மொத்தம் எத்தனை என்று யாராவது கேட்டால் எல்லாவற்றையும் தரையில் கொட்டி எண்ண வேண்டும்.

இதே பாட்டில்கள் கடைக்கு வந்தபோது இப்படி வரவில்லை. ஓர் அட்டைப்பெட்டிக்குள் வரிசையாக நின்றபடி, மலைப்பாதை வளைவுகளையெல்லாம் தாண்டி, லாரியில் பத்திரமாக வந்து இறங்கின. போகிற பயணத்துக்கு அவ்வளவு யோசித்துப் பெட்டி செய்கிறோம். திரும்பி வருகிற பயணத்துக்குச் சாக்கை எடுக்கிறோம். அந்தத் திரும்பும் பயணத்துக்கும் அட்டைப்பெட்டியையே எப்படித் தயார்ப்படுத்துவது என்பதை இங்கே அடிப்படையிலிருந்து பார்க்கலாம். பெட்டித் தொழில் தெரியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நீலகிரியிலிருந்து தொடங்குகிறேன். அங்கே காட்டிலும் சாலையோரத்திலும் வீசப்படும் மதுப் பாட்டில்கள் உடைந்து, யானை உள்ளிட்ட விலங்குகளின் காலில் குத்துகின்றன என்ற பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அதன் பிறகு 2022 மே மாதம் அந்த மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் ஒரு புது முறை வந்தது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். காலி பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தால் அந்த 10 ரூபாய் திரும்பக் கிடைக்கும். பாட்டில்கள் திரும்பி வந்தன. பிறகு வேறு மாவட்டங்களுக்கும் திட்டம் போனது. கடை ஊழியர்கள் இதில் சொன்ன குறைகளில் முக்கியமானவை இரண்டு: வைக்க இடமில்லை, வேலைப்பளு கூடுகிறது. இரண்டுமே நியாயமானவை, இரண்டுமே பெட்டியோடு சம்பந்தப்பட்டவை. 10 ரூபாய் பாட்டிலைக் கடை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடும். அதற்கு அப்புறம் அதை நிறுத்தி வைக்கவும், எண்ணவும், ஏற்றி அனுப்பவும் ஒரு வழி வேண்டும்.

சரி, முதலில் அட்டை என்றால் என்ன? நாம் அட்டை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது இரண்டு வகை. ஒன்று, சட்டைப் பெட்டி, மருந்துப் பெட்டி செய்கிற ஒற்றைத் தடிமன் அட்டை. இன்னொன்று, இரண்டு தாளுக்கு நடுவே அலை அலையாக வளைத்த தாளை ஒட்டிச் செய்கிற நெளி அட்டை. வெளித் தாள் இரண்டுக்கும் லைனர் என்று பெயர், நடுவிலுள்ள அலைக்கு ஃப்ளூட் என்று பெயர். ப்ளை என்பது தாள் அடுக்கு. ஓர் அலை இருந்தால் 3 ப்ளை, இரண்டு அலையும் அவற்றுக்கு நடுவே இன்னொரு தாளும் இருந்தால் 5 ப்ளை. அலையின் உயரத்தைப் பொறுத்து ஏ, பி, சி, இ என்று வகை உண்டு. பி ஃப்ளூட் ஏறக்குறைய 3 மி.மீ., சி ஃப்ளூட் ஏறக்குறைய 4 மி.மீ. தடிமன் வரும்.

இந்த நெளி அட்டை பாட்டிலுக்காகவே பெட்டித் தொழிலுக்குள் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1856-இல் இங்கிலாந்தில் நெளித்த தாளுக்கு முதல் காப்புரிமை வாங்கியபோது அதைத் தொப்பிக்கு உள்வரியாக வைத்தார்கள். 1871-இல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் கண்ணாடிப் பாட்டிலையும் விளக்குச் சிம்னியையும் சுற்றி அனுப்ப அந்த நெளிதாளைப் பயன்படுத்தக் காப்புரிமை பெற்றார். வெறும் நெளிதாள் இழுத்தால் தட்டையாகிவிடும். 1874-இல் ஆலிவர் லாங் அதன்மேல் லைனர் ஒட்டி அந்தக் குறையைத் தீர்த்தார். இன்று நம் வீட்டுக்கு வரும் எல்லாப் பெட்டிக்கும் மூலம், ஒரு பாட்டில் இன்னொரு பாட்டிலோடு மோதக் கூடாது என்ற அந்தக் கவலைதான்.

திரும்பும் பெட்டி எதில் வேறுபடுகிறது?

எடையைப் பார்ப்போம். ஒரு 650 மி.லி. பீர் பாட்டிலின் கண்ணாடி 450 கிராம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே திரவத்தோடு சேர்த்து அது 1.1 கிலோ. 12 பாட்டில் பெட்டி போகும்போது 13 கிலோவுக்கு மேல், திரும்பும்போது ஐந்தரைக் கிலோ. ஆகவே போகும் பயணத்தைத் தாங்கிய பெட்டிக்குத் திரும்பும் பயணத்தின் எடை ஒரு பொருட்டே இல்லை. புதிதாக வலுவான பெட்டி ஒன்று தேவை என்று பலரும் இங்கேதான் தவறாக நினைக்கிறார்கள். பலம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் திறக்கும்போதும் நனையும்போதும் இழக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சவால்.

ஆனால் எடை குறைந்தாலும் பருமன் குறையாது. காலி பாட்டிலும் அதே இடத்தைத்தான் அடைக்கும். கடைக்கு ஒரு நாள் 20 பெட்டி வந்தால், திரும்பவும் 20 பெட்டிக்கான இடம் வேண்டும். சாக்கில் போட்டால் அதைவிட அதிக இடம் போகும், மேலே மேலே அடுக்கவும் முடியாது. பெட்டியில் வைத்தால் சுவரோரம் ஆறு பெட்டி உயரம் அடுக்கலாம்.

இன்னொரு வேறுபாடு கை. போகும் பெட்டியில் பாட்டிலை அடுக்குவது தொழிற்சாலை. இயந்திரமோ, பழகிய ஆட்களோ ஒரே மாதிரி அடுக்குவார்கள். திரும்பும் பெட்டியில் அடுக்குவது யாராகவும் இருக்கலாம்: கடை ஊழியர், விடுதிப் பையன், வீட்டில் இருப்பவர். அவருக்கு அவசரம் இருக்கும், வெளிச்சம் குறைவாக இருக்கும், பாட்டிலில் ஈரம் இருக்கும். பெட்டியைப் பார்த்ததுமே எங்கே எதை வைப்பது என்று அவருக்குப் புரிய வேண்டும்.

தடுப்பு என்கிற எண்சட்டம்

இந்தப் பெட்டியில் எனக்கு மிகவும் பிடித்த பாகம் உள்ளே இருக்கும் தடுப்பு. நீளவாக்கில் சில பட்டைகள், அகலவாக்கில் சில பட்டைகள், ஒவ்வொன்றிலும் பாதி உயரத்துக்கு வெட்டு. வெட்டோடு வெட்டைச் செருகினால் கட்டம் கட்டமாக எழுந்து நிற்கும். பசை கிடையாது. ஒரு மூலையைப் பிடித்துத் தள்ளினால் மொத்தமும் சாய்ந்து தட்டையாகப் படுத்துவிடும்.

அளவு எப்படி எடுப்பது என்று ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். பாட்டிலின் விட்டம் 75 மி.மீ., உயரம் 290 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். பாட்டில் சிரமமில்லாமல் இறங்கி ஏற 3 மி.மீ. இடைவெளி விட்டால் கட்டம் 78 மி.மீ. தடுப்புப் பட்டை பி ஃப்ளூட், 3 மி.மீ. ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் மூன்று என 12 பாட்டில். நீளத்துக்கு நான்கு கட்டம் 312, நடுவே மூன்று பட்டைக்கு 9, ஆக 321 மி.மீ. அகலத்துக்கு மூன்று கட்டம் 234, இரண்டு பட்டைக்கு 6, ஆக 240 மி.மீ. உயரத்துக்கு 293 வைத்தால் போதும். இவையெல்லாம் பெட்டியின் உள் அளவு. வெளி அளவுக்கு அட்டையின் தடிமனை இரண்டு பக்கமும் கூட்டிக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் உள் அளவையும் வெளி அளவையும் குழப்பிக்கொண்டு முதல் பெட்டியைப் பாழாக்குவது சகஜம். ஆர்டர் தரும்போது எந்த அளவு என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

தடுப்பின் உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது. இரண்டு பாட்டில் சாயும்போது ஒன்றையொன்று தொடுவது உடலின் மேல் விளிம்பில், அதாவது கழுத்தை நோக்கிச் சரியத் தொடங்கும் தோளில். தடுப்பு அந்தத் தோளுக்கு ஒரு விரற்கடையாவது மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே நின்றுவிட்டால் தடுப்பு இருந்தும் பயனில்லை.

இதைச் சரிபார்க்க இயந்திரம் எதுவும் வேண்டாம், காது போதும். பெட்டி நிறையக் காலி பாட்டிலை வைத்து மூடி, இரண்டு கையாலும் தூக்கி, மெதுவாக ஒரு பக்கம் சாய்த்து மறுபக்கம் சாய்த்துப் பாருங்கள். நிறைந்த பாட்டில் மோதினால் மந்தமாகத்தான் கேட்கும். காலி பாட்டில் மணி மாதிரி ஒலிக்கும். அட்டையில் உரசும் சத்தம் மட்டும் வந்தால் கட்டம் சரி. ஒரு 'டிங்' கேட்டாலும் எங்கேயோ இரண்டு பாட்டில் தொட்டுக்கொள்கின்றன. பழைய தடுப்பில் இது அடிக்கடி நடக்கும். செருகு வெட்டின் அடியில் அட்டை கிழிந்து, பட்டை தொளதொளத்துப் போயிருக்கும். அந்த வெட்டின் முடிவைக் கூராக விடாமல் சற்று வட்டமாக வெட்டினால் கிழிசல் தள்ளிப்போகும். டை, அதாவது அட்டையை வெட்டும் அச்சு, செய்கிறவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தடுப்பு பாட்டிலை உடையாமல் காப்பது மட்டுமில்லை, எண்ணவும் செய்கிறது. மதுப் பெட்டியில் ஃபுல் என்றால் 12, ஆஃப் என்றால் 24, குவார்ட்டர் என்றால் 48. ஒவ்வொன்றையும் பெருக்கிப் பாருங்கள்: 750 மி.லி. 12 தடவை 9 லிட்டர், 375 மி.லி. 24 தடவை அதே 9 லிட்டர், 180 மி.லி. 48 தடவை 8.64 லிட்டர். பெட்டி என்பது ஏற்கெனவே ஒரு கணக்கு அலகாக இருக்கிறது. காலியாகத் திரும்பும்போதும் அதே கட்டங்களில் நின்றால், மூடியைத் திறந்து எல்லாக் கட்டத்திலும் வாய் தெரிகிறதா என்று ஒரு பார்வை பார்த்தால் போதும். குவார்ட்டர் பெட்டி நிறைந்திருந்தால் 480 ரூபாய்க் கணக்கு நேராகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு கட்டம் காலியாக இருந்தால் 460. வேலைப்பளு கூடுகிறது என்ற குறைக்கு இதைவிட எளிய பதில் எனக்குத் தெரியவில்லை.

திறப்பதில்தான் பெட்டி சாகிறது

பெரும்பாலான பெட்டிகள் லாரியில் சாவதில்லை. திறக்கும் நொடியில் சாகின்றன. டேப்பைப் பிடித்து இழுத்தால் லைனர் தாளும் கூடவே உரிந்து வரும். பிளேடால் கீறினால் மூடி மடலும் வெட்டுப்படும், சில நேரம் மேல் தடுப்பும் சேர்ந்து போகும். அப்புறம் அந்தப் பெட்டியை மூட முடியாது. மூட முடியாத பெட்டியை அடுக்க முடியாது.

ஆகவே திரும்பி வரவேண்டிய பெட்டிக்கு இரண்டு மூடல்களை முதலிலேயே யோசிக்க வேண்டும். முதல் மூடல் தொழிற்சாலையில் போடுவது. அதற்குக் கிழிப்பு நாடா ஒன்றை அட்டையிலேயே வைத்துவிடலாம். நுனியைப் பிடித்து இழுத்தால் அது மட்டும் கிழியும், மடல் அப்படியே இருக்கும். இரண்டாவது மூடல் கையால் செய்வது. ஒரு மடலில் நாக்கு, எதிர் மடலில் அந்த நாக்கு நுழையும் வெட்டு. டேப், கத்தி எதுவும் வேண்டாம், அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். நான்கு மடலையும் காற்றாடி மாதிரி ஒன்றுக்கடியில் ஒன்று செருகி மூடுவது எல்லா வீட்டிலும் தெரிந்த வித்தை. அவசரத்துக்கு அது சரி. ஆனால் ஒவ்வொரு தடவையும் மடல் நடுவில் வளைந்து அலை நசுங்குகிறது. இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அந்த மடல் மேல்பெட்டியைத் தாங்காது.

மடிப்புக் கோட்டையும் கவனிக்க வேண்டும். ஒரு தடவை மடிக்கிற பெட்டிக்கும் பலதடவை மடிக்கிற பெட்டிக்கும் தாள் வேறு. நம் நாட்டில் பெட்டி செய்கிற கிராஃப்ட் தாளில் பெரும்பகுதி பழைய அட்டையைக் கரைத்துச் செய்வது. ஒவ்வொரு தடவை கரைக்கும்போதும் நார் குட்டையாகிறது. குட்டை நார்த் தாள் மடிப்பில் சீக்கிரம் வெடிக்கும். பைன் போன்ற ஊசியிலை மரக்கூழில் செய்த தாளில் நார் நீளம், மடிப்பைத் தாங்கும், விலையும் அதிகம். பெட்டி முழுவதற்கும் அதைப் போட வேண்டியதில்லை. வெளி லைனர் மட்டும் நீள நார்த் தாளாக இருந்தாலே மடிப்பு பல தடவை தாங்கும். ஒரு துண்டு அட்டையை வாங்கி, கோட்டில் முன்னும் பின்னுமாக மடித்து, எத்தனையாவது தடவையில் வெடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு வியாபாரிகளின் சரக்கை ஒப்பிட இது ஒன்றே போதும்.

அடிப்பக்கத்தைக் கம்பிப் பின் அடித்து மூடுவது நம் ஊரில் வழக்கம். ஈரமான இடத்தில் அந்தப் பின் துருப்பிடித்து அட்டையை அரிக்கும். விரித்ததும் தானாகப் பூட்டிக்கொள்ளும் அடி ஒன்று உண்டு. தட்டையாக மடித்து வைத்திருந்து, விரித்தால் நாலு மடலும் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். விலை கொஞ்சம் கூடினாலும் திரும்பத் திரும்ப விரித்து மடக்குகிற பெட்டிக்கு அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

நீலகிரி மூடுபனி

இப்போது தண்ணீருக்கு வருவோம். ஒரு துண்டு 3 ப்ளை அட்டையை ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் எடுத்துக் கட்டைவிரலால் தள்ளினால் மூன்று தாளும் தனித்தனியாக வழுக்கிக்கொண்டு வரும். அலையின் முகடுகளில் வழவழப்பாக ஒரு பசை ஒட்டியிருக்கும். அது மாவுச்சத்து, பெரும்பாலும் மக்காச்சோள மாவு. கஞ்சி போட்டு ஒட்டிய பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கஞ்சி இரும்பு மாதிரிப் பிடிக்கும், நனைந்தால் விட்டுவிடும்.

நேராக நனைய வேண்டும் என்றுகூட இல்லை. தாள் காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சும். ஆய்வகத்தில் பெட்டியின் பலத்தை 23 டிகிரி வெப்பம், 50 சதவீத ஈரப்பதத்தில் அளப்பார்கள். காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொட்டால் அதே பெட்டியின் அடுக்குத் தாங்கும் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஊட்டியிலும் கூடலூரிலும் மழைக்காலத்தில் அந்த ஈரப்பதம் நாள்கணக்கில் நிற்கும். இதோடு, பாட்டிலுக்குள் மிச்சமிருக்கும் கடைசி வாய் திரவம் கீழே சொட்டும்.

அதனால் அடுக்குகிற கணக்கைத் தாராளமாகப் போட வேண்டும். நிறைந்த 13 கிலோ பெட்டியை ஆறு உயரம் அடுக்கினால், அடிப்பெட்டியின் தலையில் ஐந்து பெட்டி, 65 கிலோ. ஈரம், நாள்பட்ட பாரம், பழைய மடிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஐந்து மடங்கு வைத்தால் 325 கிலோ தாங்கும் பெட்டி வேண்டும். உண்மையில் பாட்டில் பெட்டியில் பாரத்தில் பெரும்பங்கைக் கண்ணாடியே தாங்கிக்கொள்ளும், மூடிக்கு நேர் கீழே பாட்டில் நிற்பதால். ஆனால் திரும்பும் பெட்டியில் அதை நம்ப முடியாது. பாதிக் கட்டம் காலியாக இருக்கலாம், உயரம் குறைந்த வேறு பாட்டில் நிற்கலாம். அப்போது மொத்தப் பாரமும் அட்டைச் சுவருக்குப் போகும். சுவரிலும் நான்கு மூலைகள்தான் அதிகம் தாங்குகின்றன. மூலைக்கு மேல் மூலை சரியாக உட்கார அடுக்குங்கள். செங்கல் சுவர் மாதிரி மாற்றி மாற்றி அடுக்கினால் அடுக்கு சரியாமல் நிற்கும், ஆனால் தாங்கும் பலம் நிறையக் குறையும்.

ஈரத்துக்குப் பிளாஸ்டிக் பூச்சு பூசலாமே என்று கேட்பார்கள். பூசினால் நனையாது, உண்மைதான். ஆனால் அந்த அட்டையைக் கடைசியில் கூழாக்கும்போது பிளாஸ்டிக் படலம் தொல்லை தரும். நீருக்குத் தாக்குப்பிடிக்கும் பிசினை மாவுப் பசையிலேயே கலந்து ஒட்டச் சொல்வது நல்ல வழி. அடியில் மட்டும் ஓர் உறிஞ்சு அட்டை போட்டு, அதை மட்டும் அவ்வப்போது மாற்றுவது இன்னும் மலிவு. எல்லாவற்றுக்கும் முன்னால், பாட்டிலின் மூடியைத் திருகி மூடி வைக்கச் சொல்லிவிட்டால் பாதித் தொல்லை குறையும். அந்தச் செய்தியை மூடி மடலின் உள்பக்கத்தில் படமாக அச்சடிக்கலாம். வெளியே அச்சடிப்பதை யாரும் படிப்பதில்லை. உள்பக்கம் என்றால் திறக்கிறவர் கண்ணில் பட்டே ஆக வேண்டும்.

கைப்பிடித் துளை: நாலு விரலும் நுழைய 9 செ.மீ. நீளம், 3 செ.மீ. உயரம். மேல் விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் வெட்டினால் பிய்ந்துவிடும். வெட்டிய துண்டை எறியாமல் ஒரு பக்கம் விட்டு உள்ளே மடிய விட்டால் விரலுக்கு மெத்தையாக இருக்கும்.

வீட்டுக்கு வாங்கிப் போகிறவருக்கு இதே யோசனையின் சின்ன வடிவம் ஆறு பாட்டில் தூக்கு. கோகோ கோலா நிறுவனம் 1923-இல் ஆறு பாட்டில் அட்டைத் தூக்கைக் கொண்டுவந்தது. அப்போது பாட்டில்கள் திருப்பித் தருபவை. நடுவில் கைப்பிடி, இரண்டு பக்கமும் மூன்று மூன்று கட்டம். இதற்கு ஒற்றைத் தடிமன் அட்டை போதும், ஆனால் ஈரத்திலும் கிழியாத பிசின் சேர்த்துச் செய்த அட்டையாக இருக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டில் வியர்க்குமே, அதற்காக. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பீர் வாங்கிய அட்டைப்பெட்டியிலேயே காலி பாட்டிலை நிறைத்துக் கடைக்குக் கொண்டுபோய், வைப்புத் தொகையான 10 சென்ட்டைத் திரும்ப வாங்குவது இன்றும் பழக்கத்தில் உள்ளது.

எல்லா இடத்துக்கும் அட்டை சரியா என்றால், இல்லை. ஜெர்மனியில் பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் வைப்புத் தொகை, அது நிற்கிற பிளாஸ்டிக் கிரேட்டுக்கும் தனியாக 1.50 யூரோ. கிரேட் பீர் ஆலைக்கு நிச்சயம் திரும்பும், கழுவலாம், மழையில் கிடக்கலாம், வருஷக்கணக்கில் ஓடும். நம் ஊர் சோடா, கலர் கம்பெனிகள் கிரேட்டில் கொண்டுவந்து இறக்கிக் காலியை எடுத்துப் போனதும் அதே கணக்கில்தான். ஒரே வண்டி, ஒரே கடை, ஒரே ஆலை என்று வட்டம் சின்னதாக இருந்தால் கிரேட் வாங்குங்கள். பெட்டி திரும்பி வருமா என்றே தெரியாத இடத்தில், பல ஊர் ஆலைகளிலிருந்து சரக்கு வருகிற இடத்தில், கிரேட்டுக்குப் போடும் முதலீடு கைவிட்டுப் போகும். அங்கே எப்படியும் கடைக்கு வந்துவிட்ட அட்டைப்பெட்டிக்கு இன்னொரு பயணம் கொடுப்பது லாபம்.

எத்தனை பயணம் என்பதைப் பெட்டியே சொல்ல வேண்டும். பக்கத்தில் ஐந்து சின்ன வட்டம் அச்சடித்து, ஒவ்வொரு தடவை நிறைத்து அனுப்பும்போதும் ஒன்றில் பேனாவால் கோடு போடச் சொல்லலாம். வட்டம் மிச்சமிருந்தாலும் மூலை நசுங்கியிருந்தால், அடியை அழுத்தும்போது தாள் வழுக்கினால், சாய்க்கும்போது 'டிங்' கேட்டால், அந்தப் பெட்டியை ஒதுக்கிவிடுங்கள். தடுப்பு நன்றாக இருந்தால் உருவி வேறு பெட்டிக்குப் போடலாம். மிச்சத்தைத் தட்டையாக மடித்துச் சணலால் கட்டிப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டால் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். பின் அடித்த பெட்டியாக இருந்தாலும் உட்கார்ந்து பிடுங்க வேண்டியதில்லை, கூழாக்கும் இடத்தில் அதைப் பிரித்துவிடுவார்கள்.